பனங்காட்டிலிருந்து மணப்பாட்டுக்கு: பரிசுத்த வாரத்தில் எட்டு நாள்

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு, பாளையங்கோட்டை

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து முழுக்க முகநூல் பக்கம் வருவதில்லை என்று சாம்பல் புதனன்று தீர்மானம் எடுத்தேன். இரண்டாம் ஞாயிறே போச்சு. லெந்து நாற்பது நாள் என்று சொன்னாலும் சாம்பல் புதனிலிருந்து எண்ணிப் பார்த்தால் 46 வரும். நடுவில் வரும் ஆறு ஞாயிறும் கணக்கில் சேராது. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள், அன்றைக்கு உபவாசம் கிடையாது. நான் வழுக்கி விழுந்ததும் ஒரு ஞாயிறுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். திங்கட்கிழமை என்ன ஆச்சு என்று யாரும் கேட்க வேண்டாம்.

எங்கள் வீடு மெஞ்ஞானபுரம் பக்கம், சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட்; வீட்டுக்காரருக்கு மணப்பாடு, ஆர்.சி. கத்தோலிக்கர். இரண்டு ஊருக்கும் நடுவே இருபது கிலோமீட்டருக்குள்தான் தூரம், ஆனால் பேச்சு வேறே. பாதிரியார் எங்களுக்கு ஐயர், அவர்களுக்கு சாமியார். எங்களுக்கு ஆராதனை, அவர்களுக்குப் பூசை. எங்களுக்கு லெந்து, அவர்களுக்குத் தவக்காலம். கல்யாணமாகிப் பதினாலு வருஷமாக ஈஸ்டருக்கு எந்த வீடு என்று சண்டை. இந்த வருஷம் இரண்டும் என்று முடிவாகி, நானும் பாப்பாவும் முதலில் புறப்பட்டோம். அவர் வியாழக்கிழமைதான் வருவார்.

ரயிலை விட்டு இறங்கி, தங்கை வீட்டில் முகம் கழுவிக்கொண்டு நேரே ஊசிக்கோபுரம். ரேனியஸ் ஐயர் 1826-ல் கட்டிய கோயில். பிள்ளைகள் ஓலையை ஆட்டிக்கொண்டு ஓசன்னா பாட, பின்னால் நின்ற பெரியவர்கள் ஓலையால் விசிறிக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கே அப்படி வெயில்.

சாயங்காலம் பாப்பாத்தியம்மாள் கோயிலுக்குப் போனோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிராமண விதவை, 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று குளோரிந்தா ஆனவர், 1785-ல் கட்டிய கோயில் இது. எனக்கு ஊசிக்கோபுரத்தைவிட இந்தச் சின்னக் கோயிலைத்தான் பிடிக்கும். உள்ளே போனால் குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது.

பாப்பா தன் ஓலையைச் சிலுவையாக முடைந்து தரச் சொன்னாள். எனக்கு மறந்துவிட்டது. தங்கை யூடியூபைப் பார்த்து முடைந்து கொடுத்தாள்.

மார்ச் 30, திங்கள், அம்மா வீடு

பஸ்ஸில் வரும்போது மெஞ்ஞானபுரம் கோபுரம் வெகு தூரத்திலேயே தெரிய ஆரம்பித்துவிடும். 192 அடி. செம்மண் தேரி, பனங்கூட்டம், அதற்கு மேலே ஒற்றை ஊசி. வேல்ஸிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் காலத்துக் கோயில். பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியாதான் 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர். எங்கள் ஊர் வாத்தியார்கள் இதை வருஷத்துக்கு மூன்று தடவையாவது சொல்வார்கள்.

அம்மா உலை வைத்தாள். அரிசியைப் படியில் அளந்து சுளகில் கொட்டியவள், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த தகர டப்பாவில் போட்டாள். பேசிக்கொண்டேதான் போட்டாள். பேச்சு நிற்கவில்லை, கைதான் போய் வந்தது.

கைப்பிடி அரிசி. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி கோயிலுக்கு. டப்பா நிறைந்ததும் கோயிலுக்குப் போகும், ஏலம் விட்டுக் காசாகும். திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றின் ஓடும் கல்லும் இந்த அரிசிதான். நான் சென்னையில் மாதாமாதம் காணிக்கையைப் போனில் அனுப்பிவிடுகிறேன். தொகை அம்மா போடுவதைவிடப் பெரிசு. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவைதான் ஞாபகம் வருகிறது. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

"ஏம்மா, நீ மட்டும்தான இருக்க, ஒனக்கே அரைப்படிதான் பொங்குத. அதுலயுமா?" என்றேன்.

"எடுக்காம ஒல வச்சா சோறு ஒரு மாதிரியா இருக்கும்ட்டி" என்றாள்.

ருசியைச் சொன்னாளா, வேறு எதையாவது சொன்னாளா என்று கேட்கவில்லை. ஏழு மணிக்கு மாலை ஜெபத்துக்கு மணி அடித்தது. தினமும் அடிப்பதுதான். போனோம். ஒன்பது பேர், ஒரு நாய்.

நிலைக்கு மேலே போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவை செருகியபடியே இருந்தது. சாம்பல் புதனுக்கு முன்னால் கோயிலில் கொடுத்திருக்க வேண்டும். பழைய ஓலையை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் இடுவது. "ஸ்டூல்ல ஏற முடியல, முட்டு வலி" என்றாள். நான் ஏறி எடுத்தேன். தொட்டதும் ஒரு கை உதிர்ந்து தலையில் விழுந்தது.

மார்ச் 31, செவ்வாய், பனங்காடு

அலாரம் நாலரைக்கு. பக்கத்து வீட்டுப் பெரியப்பா பனையேறி. எழுபதைத் தாண்டிவிட்டார். ஒரு காலத்தில் நாற்பது மரம் ஏறியவர், இப்போது பதினெட்டு. "வாரேன்னா பேசாம வரணும்" என்ற நிபந்தனையோடு கூட்டிப்போனார்.

இடுப்பில் அருவாப்பெட்டி. காலில் தளைநார். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிற மாதிரிதான் இருக்கிறது. நெஞ்சு மரத்தில் உரசி உரசி, அந்த இடத்தில் தோல் காய்த்து மாட்டுத்தோல் மாதிரி ஆகியிருக்கிறது. மேலே போனதும் ஓலைச் சலசலப்புக்குள் மறைந்துவிட்டார். இருட்டில் சத்தம் மட்டும் கேட்டது. சரக், சரக் என்று பாளை சீவுகிற சத்தம்.

பாளை நுனியைக் காகிதம் கனத்துக்குச் சீவ வேண்டும். கனம் கூடினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். குறைந்தால் பதனி இறங்காது. சீவினதும் கலயத்தை மாட்டி வருவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு. காலையிலும் மாலையிலும் ஏறி இறங்க வேண்டும். ஒரு நாள் விட்டால் காயம் மூடிக்கொள்ளும், அந்தப் பாளை அவ்வளவுதான். மாசியில் ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் இதே பாடு. லெந்து, பரிசுத்த வாரம், ஈஸ்டர் எல்லாம் சீசனுக்கு நடுவில்தான் வந்து விழும்.

இறங்கி வந்தவரிடம் கேட்டேன். "பெரிய வெள்ளிக்கும் ஏறுவியளா பெரியப்பா?"

"மரத்துக்கு வெள்ளியும் சனியும் தெரியுமா பிள்ள?"

"அப்போ கோயிலு?"

"ஏறிட்டுத்தான் போவேன். ஒங்க தாத்தா காலத்துல ஒரு ஐயரு வந்தாராம். ஓய்வுநாள்ல ஏறப்பிடாதுன்னு ஒரே பிரசங்கம். சரி ஐயரே, நீங்க ரெண்டு ஞாயித்துக்கெழம ஒங்க மாட்டப் பால் கறக்காம போடுங்க, அப்புறம் நாங்களும் ஏறல அப்டின்னு எவனோ சொல்லிட்டானாம்."

நடந்ததோ கட்டினதோ, நான் ரசித்தேன்.

ஓலையைக் கிழித்து மடித்துப் பட்டை பிடித்து, அதில் ஊற்றிக் கொடுத்தார். பாப்பா முதல் தடவையாகக் குடித்தாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு, பிறகு இன்னொரு பட்டை. சுண்ணாம்பு போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"மத்தியானத்துக்குள்ள கள்ளாயிரும். ரெண்டு நாள்ல புளிச்சு வாயில வைக்க முடியாது. நாலஞ்சு நாள் போட்டா காடி."

"காடின்னா?"

"அதான் ஆண்டவருக்குக் குடுத்தாம்லா, சிலுவையில" என்றார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே.

வருஷா வருஷம் பெரிய வெள்ளியன்று வாசிக்கக் கேட்ட சொல். காடி என்றால் ஏதோ யூத தேசத்துச் சாமான் என்றுதான் இத்தனை வருஷமும் வைத்திருந்தேன். கலயத்தில் சுண்ணாம்பு தடவ மறந்தால் வருவது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்த ஊரில் யார் சொல்வார்கள்.

ஏப்ரல் 1, புதன், இடையன்குடி

பங்குனி உத்திரம். சாஸ்தா கோயில்களுக்குப் போகிற கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் நிறைந்து வழிந்தது. பொங்கல் பானை, சேவல், பிள்ளைகள், மொட்டை போடப் போகிற தாத்தா. அவர்கள் குலதெய்வத்துக்கு, நாங்கள் கால்டுவெல்லைப் பார்க்க. சீட்டுக் கொடுத்த அம்மா, "நீங்க எந்த சாஸ்தா?" என்று கேட்டாள். இடையன்குடி என்றதும் "அதுவும் நல்ல எடந்தான்" என்று சான்றிதழ் கொடுத்தாள். மூன்றாவது பஸ்ஸில் பாப்பாவின் ஒரு செருப்பு போயே போச்சு.

1841 கடைசியில் இங்கே வந்தவர் கால்டுவெல். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அது எல்லாருக்கும் தெரியும். கோயில் கட்ட முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது, 1880-ல்தான் பிரதிஷ்டை. ஜன்னல் வளைவுகளுக்குக் களிமண்ணில் அவரே மாதிரி செய்து காட்டினார் என்பார்கள். 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து இதே கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி எலைசா ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பனையேறிகளைப் பற்றி 1849-ல் கால்டுவெல் எழுதியதை நினைத்து எங்கள் தாத்தா கடைசிவரை முகம் சுளிப்பார். ஆனாலும் "கால்டுவெல் ஐயர்" என்று மரியாதையாகத்தான் சொல்வார்.

பெருக்கிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, செருப்பில்லாத பாப்பாவைத் தூக்கிச் சூடான தரையைத் தாண்டி விட்டார். இன்றைக்கு இவ்வளவுதான். தலைவலி.

ஏப்ரல் 2, பெரிய வியாழன், மணப்பாடு

வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். மாமி திண்ணையில் உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்தார். மணப்பாட்டுப் பெண்களுக்கு ஓலைப் பெட்டி, தட்டு, தொப்பி முடைவது கைவந்த தொழில். கடலோரத்து ஊர், ஆனால் வீட்டுக்குள் பனை. எங்கள் காட்டு ஓலைதான் இங்கே வந்து சாயம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாப்பாவின் சிலுவையைப் பார்த்த மாமி, ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்துத் திரும்ப முடைந்து கொடுத்தார். அரை நிமிஷம்.

கொழுந்தன் படகு வைத்திருக்கிறார். மத்தியானத்தோடு வலை கரையேறிவிட்டது. இனி ஈஸ்டர் கழிந்துதான் தொழில்.

"மூணு நாள் சும்மா இருந்தா நட்டம் இல்லையா?"

"இன்னைக்கு வெள்ளுவா மதினி. நெலா வெளிச்சத்துல மீன் வலையப் பாத்துரும். ஆண்டவரு எங்களுக்குத் தோதாத்தான் நாள் குறிச்சிருக்காரு" என்று சிரித்தார்.

சிரிப்பாகச் சொன்னாலும் கணக்கு அப்படித்தான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். யூதர்களின் பஸ்கா பௌர்ணமி இரவில் வருவது. இயேசு சீஷர்களோடு கடைசியாகச் சாப்பிட்டதும் அந்தப் பண்டிகையை ஒட்டித்தான். ஆக எந்த வருஷமானாலும் பரிசுத்த வாரத்தை ஒட்டி நிலா பெரிசாகத்தான் இருக்கும். இந்த வருஷம் இன்றைக்கே பௌர்ணமி. வெள்ளுவா, காருவா என்று நாளைப் பிரிக்கிற கடல்காரர்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார். எனக்குப் பழக்கமில்லை, எட்டிப் பார்த்தேன். மூன்றாவதாக உட்கார்ந்திருந்த முதியவரின் பெருவிரல் நகம் பாதிதான் இருந்தது. குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் மணல். வரும்போது கழுவிக்கொண்டுதான் வந்திருப்பார். கடற்கரையில் பிறந்த காலில் மணலை யாரால் முழுசாகக் கழுவ முடியும். சாமியார் தண்ணீரை ஊற்றி, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டார். முதியவருக்குக் கூச்சம், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வானவர் கீதத்தோடு மணி நின்றுவிட்டது. இனி சனி இரவு வரைக்கும் மணி இல்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தக் கட்டைச் சத்தம் எனக்குப் பிடிக்காது, வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

காலையில் மேட்டுக் கோயிலுக்குச் சிலுவைப்பாதை. பதினாலு நிலை. கப்பலின் உடைந்த பாய்மரத்தில் செய்த சிலுவையை நட்ட இடம் என்று வழிவழியாகச் சொல்லும் மேடு அது. திருச்சிலுவைக் கோயில் 1581-ல் வந்தது. 1542-ல் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை கீழே, கடலைப் பார்த்து. ஒன்பதாம் நிலைக்குள் மணல் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. பாப்பா என் பாதத்தின் மேல் தன் பாதத்தை வைத்துக்கொண்டு நின்றாள். புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தும் போடமாட்டேன் என்று சாதித்தாள். முன்னால் போன பிள்ளைகள் யாரும் போடவில்லையாம்.

மத்தியானம் மும்மணி ஆராதனை இல்லாமல் எனக்குப் பெரிய வெள்ளி ஆகாது. வீட்டுக்காரர் முணுமுணுக்காமல் பைக்கில் கொண்டுபோய் விட்டார். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஏழு பேர். இரண்டாமவர் தன் வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அப்போது எல்லார் முகத்திலும் பாடுகளின் சாயல் நன்றாகவே தெரிந்தது.

ஐந்தாம் வார்த்தைக்கு ஏறியவர் ஒரு இளம் ஆசிரியை. "தாகமாயிருக்கிறேன்" என்று ஒரு தடவை வாசித்துவிட்டு நிறுத்தினார். காற்றாடிகள் சுற்றின. எச்சில் விழுங்க நான் முயன்றதும் தொண்டை ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி நாக்கால் உதட்டைத் தடவினார். பிறகு ஆசிரியை மிச்சத்தை வாசித்தார்: காடி நிறைந்த பாத்திரம், கடற்காளான், ஈசோப்புத் தண்டு.

செவ்வாய்க்கிழமை இருட்டில் கேட்ட சரக், சரக் சத்தம் வந்துவிட்டது. காடி எங்கள் காட்டுக்காரர்களுக்குத் தெரிந்த சாமான். கடற்காளான், அதாவது கடற்பஞ்சு, மணப்பாட்டுக்காரர்கள் கரையில் பொறுக்கிப் பார்த்தது. இரண்டும் ஒரே வசனத்தில். பழைய மொழிபெயர்ப்பைக் கடுந்தமிழ் என்று அலுத்துக்கொண்டவள் நான். கரையும் காடும் அறிந்த சொற்களாக எடுத்துப்போட்டிருக்கிறார்கள். செங்கல் மாதிரி அந்தச் சொற்களை இத்தனை வருஷமும் மேலே மேலே அடுக்கிக்கொண்டே போயிருக்கிறேன், எதையும் உடைத்துப் பார்க்காமல்.

அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை. தாகம்தான் இருந்தது. மூன்று மணிக்கு வெளியே வந்ததும் கஞ்சியும் காணத் துவையலும். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

திரும்பி மணப்பாட்டில் மாலை வழிபாடு. இன்றைக்குப் பூசை கிடையாது. சிலுவையை முத்தமிட வரிசை. ஒரே நாளில் ஆண்டவரை இரண்டு தடவை அடக்கம் பண்ணின குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும் என்றார் வீட்டுக்காரர். மாமி முறைத்தார்.

இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன். "பெரியப்பா ஏறுனாரா?"

"ரெண்டு தடவயும். மும்மணிக்கும் வந்திருந்தாரு. கடைசி பெஞ்சுல ஒறக்கம்."

ஏப்ரல் 4, சனி

ஊர் சும்மா கிடந்தது. பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை. படகெல்லாம் மணலில் வரிசையாக, பட்டறையில் விட்ட வண்டி மாதிரி. கொழுந்தன் வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். அது வேலையில் சேராதாம்.

இந்தக் கடற்கரைக்காரர்களுக்காகவே 1586-ல் புனிதர்களின் கதைகளைத் தமிழில் அச்சடித்தார் போர்ச்சுகல்லிலிருந்து வந்த அண்டிரிக் அடிகளார். அச்சுக்குப் பணம் கொடுத்தவர்களும் இவர்களே. மீன் விற்ற காசில் புத்தகம் போட்ட ஊர்க்காரர்கள் என்று கொழுந்தனிடம் சொன்னேன். "இப்ப டீசல் போடவே காணல மதினி" என்றார்.

இரவு பாஸ்கா திருவிழிப்பு. வெளியே நெருப்பு மூட்டி, பாஸ்காத் திரியில் சாமியார் சிலுவை கீறி, 2, 0, 2, 6 என்று நாலு மூலையிலும் எண் பதித்து, ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்தினார். இருட்டுக் கோயிலுக்குள் அந்த ஒரு திரி போனது. பிறகு கைக்குக் கை மெழுகுவர்த்தி பற்றி வந்தது. திரிக்கு முன்னால் பாடுகிற நீண்ட பாஸ்காப் புகழுரையில் தேனீக்கள் வருகின்றன. அவை உழைத்துக் கொடுத்த மெழுகு என்று. அவ்வளவு பெரிய இரவில் தேனீக்கு ஒரு இடம் வைத்தவர் யாரோ. பாப்பா என் தோளில் தூங்கிவிட்டாள், மெழுகு என் புடவையில்.

ஏப்ரல் 5, ஈஸ்டர், அம்மா வீடு

பூசை முடிந்து அப்படியே ஆட்டோவில் புறப்பட்டோம். நாலரைக்கு அருணோதய ஆராதனை. முதலில் கல்லறைத் தோட்டம். அப்பா கல்லறையில் அம்மா நேற்றே வெள்ளையடித்துப் பூ வைத்திருந்தாள். பெட்ரோமாக்ஸ் போய் எல்.இ.டி. வந்துவிட்டது; கொசு அதே கொசு.

கோயிலில் பெரியப்பாவின் இடம் காலி. பிரசங்கம் முடிந்தது, காணிக்கை எடுத்தார்கள், அம்மா தகர டப்பாவைக் கொண்டுபோய் முன்னால் கொட்டினாள். திருவிருந்துக்கு வரிசை நகர ஆரம்பித்தபோதுதான் பக்கவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, அதற்குள் நெஞ்சில் மரம் உரசிய கறுப்பு. கடைசி ஆளாக முழங்காலிட்டார். எனக்கு நேர் எதிரே. நீட்டிய உள்ளங்கையில் ரேகைகளுக்குள்ளே சுண்ணாம்பு வெள்ளையாக ஓடியிருந்தது, நகக்கண்ணிலும். ஐயர் அதன்மேல்தான் அப்பத்தை வைத்தார்.

வெளியே அவருடைய சைக்கிள் வேப்பமரத்தில் சாய்ந்திருந்தது. கேரியரில் பதனிக் குடம், வாயில் ஈரத் துணி. துணியின் மேல் தேனீக்கள். பாப்பா செருப்பில்லாமல் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழா எட்டா என்று என்னிடம் கேட்டாள்.

இரண்டே முக்காலுக்கு பஸ்.